மாடியில ஒரு போர்ஷன்: வாடகைக்கு வீடு கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பணி ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். கைக்கு எவ்வளவு வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். "பேங்க்ல போட்டு என்ன பண்ணப் போறீங்க மாமா? மாடியில ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுங்க, மாசம் பொறந்தா பணம் வந்துடும்" என்பார் மைத்துனர். "புறநகர்ல ஒரு மனையை வாங்கிப் போடுங்க சார், அதுல ரெண்டு வீடு கட்டிட்டா போதும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டுமே நல்ல யோசனையாக இருக்கலாம். ஆனால் வருகிற வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு, எந்தக் காகிதத்தை எங்கே சரிபார்ப்பது, குடியிருக்க வருபவரோடு எப்படி ஒப்பந்தம் போடுவது என்று யாரும் சொல்வதில்லை. வாழ்நாள் சேமிப்பை எடுத்துச் செங்கலில் போடுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த மூன்று இடங்களில்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாடகை வேறு, வருமானம் வேறு

முதலில் கணக்கு. கீழே நீங்கள் குடியிருக்கிறீர்கள். மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு போர்ஷன் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, செலவு 25 லட்சம் ரூபாய், மாத வாடகை 12,000 ரூபாய். உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம்.

பன்னிரண்டு மாதத்துக்கு 1,44,000 ரூபாய் வரும் என்றுதான் எல்லாரும் மனக்கணக்குப் போடுவோம். ஆனால் ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் வருவது 1,32,000. அதில் சொத்து வரி 4,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். மோட்டார் பழுது, குழாய் மாற்றுவது, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பது இவற்றுக்கெல்லாம் மாதம் ஆயிரம் வீதம் 12,000 ஒதுக்குங்கள். மிச்சம் 1,16,000 ரூபாய். அதாவது மாதம் 9,700-க்கும் சற்றுக் குறைவு.

போட்ட 25 லட்சத்துக்கு இது ஆண்டுக்கு 4.64 சதவீதம். வங்கி வைப்புத்தொகைக்கே இதைவிட அதிக வட்டி கிடைப்பது வழக்கம். "அப்போ வீடு கட்டவே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். வைப்புத்தொகை வட்டி, தவணை முடியும்வரை அதே தொகைதான். வாடகை காலப்போக்கில் ஏறும். கட்டடமும் உங்களுடையதாகவே நிற்கும். நாளைக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பினால் தங்குவதற்கு இடம் இருக்கும். இதெல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் "மாசம் பன்னெண்டாயிரம் வரும்" என்று நம்பி குடும்பச் செலவைத் திட்டமிடாதீர்கள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்று திட்டமிடுங்கள்.

கடன் வாங்கிக் கட்டினால் கணக்கு இன்னும் மாறும். 25 லட்சத்தில் 10 லட்சம் கைப்பணம், 15 லட்சம் வங்கிக் கடன். வட்டி 9 சதவீதம், 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 15,200 ரூபாய். ஆண்டுக்கு 1,82,000-க்கு மேல். வாடகையில் மிஞ்சுவது 1,16,000 என்றால், மாதம் சுமார் 5,500 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். "வாடகையே தவணையைக் கட்டிடும்" என்பது பல வீடுகளில் நடப்பதில்லை. ஓய்வு பெறும் வயதில் நீண்ட காலக் கடன் என்றால், சம்பாதிக்கிற மகனையோ மகளையோ சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லும் வங்கி. ஆகவே அந்த 5,500 ரூபாயை யார் கட்டப் போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

ஒத்திக்கு விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. சில ஊர்களில் ஒத்தி, சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ் என்பார்கள். மாத வாடகை இல்லாமல் மொத்தமாகச் சில லட்சங்களை வாங்கிக்கொள்வது. கட்டுமானத்துக்குப் பணம் தேவைப்படும்போது இது இனிப்பாக இருக்கும். ஆனால் அது வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அந்தப் பணம் சுவருக்குள் போய்விட்டால், காலம் முடிந்து அவர் கேட்கும்போது அடுத்த ஆளைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

புதிய மனை வாங்குவதானால்

சொந்த மனை இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவாகத் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பட்டா: வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா விவரம் தெரியும். புல வரைபடமும் அங்கேயே கிடைக்கும். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின்படி பாருங்கள். விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா? பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

வில்லங்கச் சான்று: பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வில்லங்கச் சான்றில் வருவது, பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டும்தான். பதிவு செய்யாத உயிலோ, அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதோ அதில் தெரியாது. "வில்லங்கம் சுத்தமா இருக்கு" என்று புரோக்கர் சொன்னால், அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலுக்கு அந்தத் தெருவில் நான்கு பேரிடம் விசாரியுங்கள்; மூலப் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வாரிசுகள்: பூர்விகச் சொத்து என்றால் மகள்களின் பங்கைக் கட்டாயம் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் வந்த திருத்தம், பூர்விகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமையை மகளுக்கும் கொடுக்கிறது. "தங்கச்சிக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சு" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. பங்குள்ளவர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும், அல்லது முறையாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

பவர் பத்திரம்: பவர் வாங்கினாலே மனை நமக்குச் சொந்தமாகிவிடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர் உரிமையாளர் சார்பில் கிரயம் செய்து தரலாம். ஆனால் அந்த பவர் ரத்தாகாமல் இருக்கிறதா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை உறுதி செய்துகொண்டு பத்திரம் எழுதுங்கள்.

மனை அனுமதி: மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. அனுமதி இருக்க வேண்டும். அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு கொண்டுவந்த திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 என்பது எல்லைக் கோடு. "அப்புறமா வரன்முறை பண்ணிக்கலாம் சார்" என்று புதிய மனையைக் காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். அனுமதி இல்லாத மனைக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கடினம்.

பதிவுச் செலவு: கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை, கூடுதல் தீர்வை இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் இதற்கே போகும். பொதுவாக வீட்டுக் கடனில் இந்தத் தொகை சேராது; கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய மனை வாங்குகிற குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உட்பிரிவு தேவைப்படாத சொத்தாக இருந்தால், பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல் தானாகவே நடக்கும். ஆனாலும் ஒரு மாதம் கழித்து இணையதளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டட அனுமதி: சுயசான்று என்றால் என்ன?

"சின்ன வீட்டுக்கு எதுக்கு பிளான்? மேஸ்திரி பாத்துக்குவாரு" என்று சொல்லுகிற காலம் போய்விட்டது. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் ஒரு மாடி கொண்ட குடியிருப்பு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதி பெறலாம். அனுமதிக்கு முன் அலுவலர் வந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்ட் மனையோ ஐந்து சென்ட் மனையோ வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

சுயசான்று என்ற சொல்லிலேயே பொறுப்பும் இருக்கிறது. விதிப்படி கட்டுகிறேன் என்று சான்று கொடுப்பது நீங்கள். விட வேண்டிய இடத்தை விடாமல் சுவர் எழுப்பினால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் விட்டுவிடாதீர்கள், அது கட்டாயம்.

ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் மாடி எழுப்புகிறவர்கள், பழைய வரைபட அனுமதியை எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பழைய அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பதை ஒரு பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், பிறகு விரிசலுக்குச் செய்யும் செலவைவிடக் குறைவுதான்.

மாடிக்குத் தனிப் படிக்கட்டு, தனிக் குளியலறை போல, தனி மின் இணைப்பும் தேவை. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் அந்த இலவச யூனிட் இரண்டு பேருக்கும் ஒன்றாகிவிடும். அதோடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் வரும் சண்டைகளில் பாதி இந்த மீட்டரில்தான் ஆரம்பிக்கிறது.

பதினொரு மாத ஒப்பந்தம் போதுமா?

கட்டி முடித்தாயிற்று. 'டு-லெட்' போர்டும் மாட்டியாயிற்று. இங்கேதான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து, அலமாரியில் பூட்டு. "பதினோரு மாசம்னா ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்ல?" என்பது காலங்காலமாக வரும் நம்பிக்கை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம், 2017 நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன்படி நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதமா, மூன்று ஆண்டா என்பது இங்கே கேள்வியே இல்லை. இதற்கென உள்ள இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும்.

பதிவு செய்வதால் என்ன பயன்? வாடகை பாக்கி விழுந்தாலோ, காலம் முடிந்தும் காலி செய்ய மறுத்தாலோ, நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். இரண்டு மாத வாடகை பாக்கி என்பதும் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. கையில் பதிவு எண்ணோடு போகிறவருக்கும், அலமாரியில் இருந்த கசங்கிய தாளோடு போகிறவருக்கும் நிறைய வித்தியாசம்.

வாடகைக்கு வருபவருக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வீட்டு உரிமையாளர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

• முன்பணம் (அட்வான்ஸ்): வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கம் மாறி வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். எனவே அட்வான்ஸ் பணத்தைச் செலவழிக்காமல் தனியாக வையுங்கள்.

• ரசீது: வாடகை வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். வங்கி வழியாக வாங்குவது இருவருக்கும் நல்லது.

• தண்ணீர், மின்சாரம்: என்ன தகராறு என்றாலும் இவற்றை நிறுத்தக் கூடாது. "மோட்டாரை ஆஃப் பண்ணுனா தானா போயிடுவான்" என்ற யோசனை உங்களைத்தான் சிக்கலில் மாட்டிவிடும்.

• பழுது: கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, மின் வயரிங் போன்றவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.

• வீட்டுக்குள் நுழைவது: சாவி உங்களிடம் இருந்தாலும், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

• உள்வாடகை: உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது.

வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஆண்டுதோறும் அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. வீட்டைக் கொடுக்கும் நாளில் சுவர், கதவு, மின்விசிறி, குழாய் எல்லாவற்றையும் இருவருமாகப் பார்த்து, மொபைலில் படம் எடுத்து, ஒரு பட்டியலில் கையெழுத்திட்டால், காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கழிப்பதில் வாக்குவாதம் வராது.

வருமான வரியில் எப்படிக் காட்டுவது?

வாடகை, வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பில் வரும். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாகக் கழிக்கலாம். நம் உதாரணத்தில் 1,32,000 வாடகையில் சொத்து வரி 4,000 போக 1,28,000. அதில் 30 சதவீதம் 38,400 போனால் மிச்சம் 89,600 ரூபாய். கடன் இருந்தால் வட்டியையும் இதில் கழிக்கலாம். 15 லட்சக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 1,33,000 ரூபாய் என்பதால், வாடகைக்கு வரி வராது. ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், இதில் மிஞ்சும் நஷ்டத்தை ஓய்வூதியத்திலோ சம்பளத்திலோ கழிக்க முடியாது. வரி மிச்சமாகும் என்பதற்காகவே கடன் வாங்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி விற்கலாம் என்ற எண்ணம் வந்தால்

ஒரு வீடு நன்றாக ஓடியதும் அடுத்த ஆசை வரும்: "நாலு பேர் சேர்ந்து இடம் வாங்கி, அடுக்குமாடி கட்டி வித்தா என்ன?" அங்கே நீங்கள் வெறும் வீட்டு உரிமையாளர் இல்லை, கட்டுமான மேம்பாட்டாளர். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டுக்கு மேல் போனால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டடத்தின் அமைப்பில் குறை தெரிந்தால் சரிசெய்து தரும் பொறுப்பும் உண்டு. நீங்கள் வாங்குபவராக இருந்தாலும் இதே விதிகள் உங்களுக்குக் கவசம். விளம்பரத்தில் பதிவு எண்ணைப் பார்த்து, குழுமத்தின் இணையதளத்தில் அதைச் சரிபாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சரிபார்ப்பு

1. காலி மாதம், வரி, பழுது கழித்த பிறகு கையில் நிற்பது எவ்வளவு?
2. கடன் தவணையில் குறைகிற தொகையை யார், எத்தனை ஆண்டு கட்டுவார்கள்?
3. பட்டா, வில்லங்கம், மூலப் பத்திரம், வாரிசுகள், மனை அனுமதி எல்லாம் பார்த்தாயிற்றா?
4. கட்டட அனுமதி உங்கள் பெயரில், கட்டப்போகிற அளவுக்கே இருக்கிறதா?
5. மாடிக்குத் தனி மின் இணைப்புக்கு விண்ணப்பித்தீர்களா?
6. வாடகை ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் வாங்கியாயிற்றா?
7. அட்வான்ஸ் தொகை தனியாக இருக்கிறதா?

ஏழு கேள்விக்கும் பதில் இருந்தால் மைத்துனர் சொன்னது நல்ல யோசனைதான், தைரியமாகச் செய்யுங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போடுவதில் நஷ்டம் இல்லை. ஓய்வுக்காலப் பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். அது சுவராக நிற்கும்போது, அந்தச் சுவருக்குள் வந்து குடியிருப்பவரும் நிம்மதியாக இருந்தால்தான், மாதம் பிறந்ததும் உங்கள் கைக்கு வாடகை வரும்.